கூக்காலுக்கு வைத்த மணி

என் தங்கையின் நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் முதலில் வரவேற்றது அவர்தான். பன்னீர்ச் செம்பு என் சின்னம்மா கையில் இருந்தது. அவள் அதைத் தெளிப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு மாப்பிள்ளையின் மாமாவிடம் போய், "திரும்பிப் போறதுக்கு வண்டி நிக்குதுல்லங்க? டிரைவர் சாப்புட எங்கயாவது போயிரப் போறான், இப்பவே சொல்லி வைங்க" என்றார். மேலூரிலிருந்து மலையேறி, பாதி வழியில் வாந்தி எடுத்து, முகம் வெளிறி இறங்கிய மனிதர்கள் அவர்கள். அந்த மாமாவின் முகம் கறுத்துவிட்டது. வந்ததும் வராததுமாக விரட்டுகிறார்களே என்று அவர்கள் பந்தியில் பேசிக்கொண்டது எங்கள் காதுவரை வந்தது. "அவரு பஸ் கண்டக்டருங்க, பழக்க தோசம்" என்று எங்களைப் பெற்ற அத்தாதான் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. என் கடை ரசீதில் நானே எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. கூக்கால் என்கிற மலைக்கிராமத்திலிருந்து கொடைக்கானல் வரைக்கும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர். எனக்குக் கண்டக்டர் அண்ணன். இருபது வருடத்துக்கு மேல் கூக்கால் வண்டியில் பை மாட்டியவர். மனைவி முன்பே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் கூக்காலில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்.

எந்த மனிதரைப் பார்த்தாலும் அவர் மனதில் முதலில் எழுகிற கேள்வி, இவர் எப்படித் திரும்பிப் போவார் என்பதுதான். சாவு விழுந்த துட்டி வீட்டிலும் கேட்பார், காதுகுத்திலும் கேட்பார். என் கடைக்குச் சார்ஜர் வாங்க வருகிற டூரிஸ்ட்டிடமும் கேட்பார். "வர்றது லேசு தாயி. திரும்பிப் போறதுதான் சோலி" என்பது அவர் வாயில் எப்போதும் கிடக்கிற பேச்சு. முதல் இரண்டு தடவை கேட்கச் சிரிப்பாக இருக்கும். பத்தாவது தடவை எரிச்சலாக இருக்கும். அதையும் தாண்டி அவரோடு பழகினால், அந்த மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது தெரியும்.

வண்டியில் இருந்த காலத்தில் வெளியூர்க்காரர்களில் பாதிப் பேரை அவர் கூக்காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே இல்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று ஏரியைப் பார்க்க வேண்டும் என்று டிக்கெட் கேட்டிருக்கிறது. இவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று, பனி எப்போது இறங்கும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதை விட்டால் என்ன கதி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, வழியில் பூம்பாறை வருவதற்குள் அந்தப் பெண் "இங்கேயே இறங்கிடலாங்க" என்று புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இவரே விசில் கொடுத்து வண்டியை நிறுத்தி, அவர்கள் பையை இறக்கிக் கொடுத்து, எதிரில் வந்த கொடைக்கானல் வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினாராம். டிரைவர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதையும் மீறி யாராவது ஊருக்குள் வந்துவிட்டால், அந்த மலையிலேயே அவரைப் போல ஓர் ஆள் கிடையாது. ஒருமுறை அவர் லீவில் வீட்டிலிருந்த நாளில் மூன்று பெண் பிள்ளைகள் சாயங்கால வண்டியை விட்டுவிட்டார்கள். இவர் தன் போர்வையை எடுத்துக் கொடுத்து, கேரட் ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்காரரிடம் கெஞ்சி அவர்களை முன்னால் உட்கார வைத்து, தான் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து கொடைக்கானல் வரை வந்து லாட்ஜ் வாசலில் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைகள் மறுநாள் என் கடையில் ரீசார்ஜ் செய்யும்போது, "அந்தத் தாத்தா நம்பர் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்கள். அப்போது அவரிடம் போனே கிடையாது.

ஓய்வு பெற்று நாலைந்து மாதம் கழித்துத்தான் முதல் தடவையாகப் போன் வாங்க வந்தார். கொடைக்கானல் பஜாரில் எங்கள் அத்தா வாட்ச் ரிப்பேருக்கு என்று வைத்த கடை அது. இப்போது செல்போன் கடை. நான்தான் உட்காருகிறேன். போனைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வியை என்னால் மறக்க முடியாது.

"நம்ம ஊருக்கு யாரு வரப் போறாங்கனு முன்கூட்டியே தெரிஞ்சுக்க இதுல வழி இருக்கா தாயி? புதுக் கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான். கேட்டா மொறைக்குறான்."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். போன் விஷயத்தில் யாராவது 'முடியுமா' என்று கேட்டால் போதும், முடியும் என்று செய்து காட்டிவிட்டுத்தான் மறுவேலை. மலைகளுக்குப் பயணம் போகிறவர்கள் கூடிப் பேசுகிற ஓர் இணைய மன்றம் எனக்குத் தெரியும். ஃபோரம் என்பார்கள். 'இந்த ஊருக்குப் போகலாமா, எங்கே தங்கலாம், ரோடு எப்படி' என்று ஒருவர் கேட்பார், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். அதில் தேடுகிற கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மணிப் படம் இருக்கும். ஒரு சொல்லை எழுதி அந்த மணியைத் தட்டிவிட்டால், அந்தச் சொல்லை யார் எங்கே எழுதினாலும் நம் போனுக்குச் சேதி வரும். உடனே வர வேண்டுமா, நாளுக்கு ஒருமுறையா, வாரத்துக்கு ஒருமுறையா என்று கேட்கும். அவருக்கு 'பனிமலை' என்று நானே ஒரு பெயர் வைத்துக் கணக்குத் தொடங்கி, கூக்கால் என்று எழுதி, மணியைத் தட்டி, 'உடனே' என்பதையும் அழுத்தினேன்.

அவர் விடவில்லை. "வெளியூர்க்காரன் கூக்கால்னு சரியாவா சொல்லுவான்? கூகல்ம்பான், குக்கல்ம்பான். டிக்கெட் கேக்கும்போதே ஆளுக்கொரு விதமாக் கேப்பான்." அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு மணி வைத்தேன். சத்தத்துக்கு எது வேண்டும் என்று கேட்டேன். விசில் சத்தம் வேண்டும் என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் கால் போன ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார்.

ஒரு கார்த்திகை மாதம். கேமராவோடு தனியாக ஒருவர் காலை வண்டியில் வந்து இறங்கினார். சாயங்கால வண்டிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏரிப்பக்கம் போனார். சாயங்காலம் ஆளைக் காணோம். வண்டியில் வலி எடுத்த பெண் ஒருத்தி. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள். இவர் கால் மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தார். ஜனங்கள் சத்தம் போட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். இவர் விசில் கொடுத்துவிட்டார். கேமராக்காரர் சோலைக்குள் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு அங்கேயே குளிரில் கிடந்திருக்கிறார். மறுநாள் உச்சிப்பொழுதில் மாடு மேய்க்கிறவர்கள் கண்டெடுத்தார்கள். மதுரையில் காலை எடுத்துவிட்டார்கள்.

"ஆரஞ்சு வாங்கிட்டுப் போய்ப் பாத்தேன் தாயி. நான்தாங்க கண்டக்டர்னு சொன்னேன். எந்த பஸ்ஸுலங்கனு கேக்குறாரு. அவருக்கு என்னய ஞாபகமே இல்ல. திட்டியிருந்தாத் தேவல. பழத்த வாங்கி வச்சுக்கிட்டு, நல்லா இருங்கனு சொல்லி அனுப்புறாரு."

"நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? உள்ள ஒரு பிள்ளத்தாச்சி இருந்தாள்ல" என்றேன்.

"இருந்துச்சு. புள்ளயும் நல்லபடியாத்தான் பொறந்துச்சு. ஆனா விசில் குடுத்தது நான்தான." அப்புறம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நல்ல மனிதருக்கு ஒரு நல்ல காரியம் செய்து கொடுத்தோம் என்ற நிறைவு எனக்கு இருந்தது.

அதன்பிறகு வாரம் ஒருமுறை கடைக்கு வந்து தன் பதில்களைக் காட்டுவார். எழுதத் தெரியும், ஆனால் போனில் எழுத விரல் வராது. அதனால் வாயால் சொன்னால் எழுத்தாக மாற்றுகிற வசதியைக் காட்டிக் கொடுத்திருந்தேன். டிக்கெட் டிக்கெட் என்று பழகிய குரலில் அவர் கத்த, போன் எழுதும். நண்பர்கள் ஆறு பேர் பைக்கில் கூக்கால் வரலாமா என்று ஒருவர் கேட்டதற்கு அவர் எழுதியது: "வரலாம் தம்பி. வர்றது லேசு. திரும்பிப் போறதுதான் சோலி. மூணு மணிக்கு மேல பனி எறங்கிரும். வளைவுல காட்டுமாடு நிக்கும், ஹாரனுக்கு நகராது. பூம்பாறையோட பாத்துட்டுத் திரும்பிருங்க." கைக்குழந்தையோடு வர நினைத்த தாய்க்கு: "பச்சப்புள்ளைக்குக் காது அடைக்கும். அட்டை ஏறும். ராத்திரி காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்கு நாப்பது கிலோமீட்டர் போகணும் தாயி." இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு வேறு ஊர் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கும் அதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

மகேஸ்வரி ஊருக்குத் திரும்பி வந்தது இதற்குப் பிறகுதான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் என் கடையில் வேலை பார்த்தவள். கூக்கால்காரி. கட்டிக் கொடுத்தது திருப்பூரில். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட, பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் பார்க்க முடியாமல், மகள் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வந்தாள். கேரட் காட்டுக்கு மேலே, ஏரி தெரிகிற மாதிரி, இரண்டு அறை கட்டினாள். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கட்டும், நாமே சமைத்துப் போடலாம் என்பது அவள் திட்டம். கைப்பக்குவம் உள்ளவள். பூண்டுக் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும்.

தர்ஷினிக்கு அப்போது எட்டு வயது. ராத்திரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கமாட்டாள். வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போக வேண்டும். காலையில் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போய் ஏற்றிவிட்டு, சாயங்காலம் வண்டி வருமுன்பே போய் நின்று கூட்டி வருவது யார் என்று சொல்லவே வேண்டியதில்லை. மகேஸ்வரி கேட்கவில்லை, அவராகவே வந்து நின்றார்.

அந்த மகேஸ்வரிதான் ஒருநாள் என்னிடம் வந்து, "வாடகைக்கு வர்றவங்க எங்கிட்டு விசாரிக்கிறாங்கனு தெரிய ஏதாச்சும் வழி சொல்லுங்கக்கா" என்றாள். முடியுமா என்று கேட்டுவிட்டாளே. அதே மன்றம், அதே கூக்கால், அதே மணி. ஒன்று மட்டும் மாற்றினேன். நாள் பூரா காட்டில் நிற்கிறவள், சும்மா சும்மா மணி அடித்தால் தொந்தரவு என்று நானாகவே நினைத்து, 'நாளுக்கு ஒருமுறை' என்று வைத்தேன். அவர் போனில் உடனே விசில் அடிக்கும். அவள் போனில் இருட்டிய பிறகு மொத்தமாக வந்து விழும். கண்டக்டர் அண்ணனுக்கும் இவளுக்கும் ஒரே சொல்லுக்கு மணி வைத்திருக்கிறோமே என்ற நினைப்பு எனக்குத் தட்டவே இல்லை. புத்திசாலி என்று பஜாரில் பெயர் வாங்கியவள் நான்.

முதல் சீசனில் ஒரே ஒரு குடும்பம் வந்தது. அப்புறம் ஆளே இல்லை. மறுவருடம் மாசி மாதம் மகேஸ்வரி கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"யாருக்கா இந்தப் பனிமலை? எம்மேல என்ன கோவமோ தெரியல. யாரு கேட்டாலும் மொத ஆளா வந்து வராதீங்கனு சொல்லுறான். நான் பாக்கும்போது கேட்டவங்க வேற ஊருக்குப் போயிர்றாங்க. இந்த சீசனும் இப்படியே போச்சுனா, புள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டுத் திருப்பூருக்கே போயிருவேன்க்கா. வேற வழியில்ல."

போனைத் திருப்பிக் காட்டினாள். நான் வைத்த பெயர். வர்றது லேசு, திரும்பிப் போறதுதான் சோலி. "கண்டக்டர் அண்ணன்கிட்ட சொல்லிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னேன். பாவம், அவரு என்ன செய்வாரு? எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன்னு எனக்காக வருத்தப்பட்டாரு. பேரெல்லாம் அவருகிட்ட சொல்லல."

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் தர்ஷினியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற கை இல்லாமல் போகுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதில்லை. யார் இதைச் செய்து கொடுத்தது என்று அவள் கேட்பாள். அதற்குத்தான் பயந்தேன். கண்டக்டர் அண்ணனிடமும் வாய் திறக்கவில்லை. கால் போனவரின் கதையைக் கேட்ட பிறகு அந்த மனிதரிடம் போய், எழுதுவதை நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது, சொன்னாலும் நிறுத்துவாரா என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கக்கூட இல்லை.

அரைகுறையாக ஒன்று செய்தேன். அவள் போனிலும் 'உடனே' என்று மாற்றி வைத்தேன். "இனிமே அப்பவே வரும். நீயும் வெரசா பதில் போடு" என்றேன். அவளும் போட்டாள். அது இன்னும் மோசமாகப் போனது. அவர் வராதீங்க என்று எழுதியதற்குக் கீழே இவள் வாங்க என்று எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒருவர் எழுதியே விட்டார்: 'உள்ளூர்ப் பெரியவர் நேர்மையாகச் சொல்கிறார், அந்த அம்மா வியாபாரத்துக்காகச் சொல்கிறார்.' மகேஸ்வரி அதை எனக்குப் படித்துக் காட்டினாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சித்திரையில் மூன்று பேருமாகக் கொடைக்கானல் வந்தார்கள். பரீட்சை முடிந்திருந்தது. ஹாஸ்டலுக்குத் தகரப் பெட்டி வாங்க வந்தார்கள். மகேஸ்வரி தன் போனைக் கண்ணாடி மாற்றக் கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பெட்டிக் கடைக்குப் போனாள். கண்டக்டர் அண்ணன் மூட்டு வலி என்று என் கடையில் உட்கார்ந்துவிட்டார். தன் போனையும் சார்ஜுக்கு என்று கவுண்டர் மேல் வைத்தார். இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வேறு ஆள் இல்லை.

அவர் போன் விசில் அடித்தது. அதோடு சேர்ந்து அவள் போனும் டிங் என்றது. இரண்டு திரையிலும் ஒரே வரி. கூக்காலில் குடும்பத்தோடு தங்க வீடு கிடைக்குமா என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

அவர் தன் போனை எடுக்கக் கை நீட்டியவர், பக்கத்துப் போனைப் பார்த்து நின்றுவிட்டார். "இது மகேசு போனுல்ல? இதுல எதுக்குத் தாயி நம்ம ஊரு பேரு வருது?"

சொன்னேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? அந்த வீட்டுக்கு ஆள் வருவதே இதன் வழியாகத்தான் என்று சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கேட்ட ஆளுக்கு மட்டுந்தான நான் பதில் சொன்னேன்? பஸ்ஸுல பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி?"

"இல்லண்ணே. எழுதுனது அங்கனயே நிக்கும். பின்னாடி யாரு தேடுனாலும் உங்க பேச்சுதான் மொதல்ல வரும்."

"இத நீ எனக்குச் சொல்லலயே."

சொல்லவில்லைதான். மணி வைக்கக் கற்றுக்கொடுத்தேன். விசில் சத்தம் வைத்துக் கொடுத்தேன். பேசினால் எழுதுகிற வசதியைக் காட்டினேன். எழுதியது அழியாமல் நிற்கும், உலகத்துக்கே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்காது என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப அந்தப் புள்ள வீட்டுக்கு வரவேண்டிய சனத்தத்தான் நான் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்தேனா?"

"நீங்க உள்ளதத்தான சொன்னீங்க அண்ணே..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு தாயி."

"ஆமாண்ணே."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மாசியில."

அவர் வாசலைப் பார்த்தார். மாசி, பங்குனி, சித்திரை என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.

எல்லா மணியையும் எடுத்துவிடச் சொன்னார். கூகல், குக்கல் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். எழுதியதை அழிக்க முடியுமா என்று கேட்டார். ஒருநாள் தாண்டினால் அந்த மன்றத்தில் அழிக்க முடியாது. அப்படியானால் கீழே எழுது என்றார். அவர் சொல்ல நான் எழுதினேன். 'நான் கூக்கால்காரன். பயந்து போய் அப்படிச் சொல்லிட்டேன். ஊரு நல்ல ஊரு. ஏரிக்கு மேல ஒரு வீடு இருக்கு. அந்தப் புள்ள நல்லா சமைக்கும். கடைசி வண்டிக்கு நான் நின்னு ஏத்தி விடுறேன்.' பழைய பதில் ஒவ்வொன்றையும் தேடி எடுத்து, அதற்குக் கீழே இதையே போட்டோம். முடிக்கவில்லை, பாதியில் மகேஸ்வரி வந்துவிட்டாள். தர்ஷினி பச்சைத் தகரப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் அதை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மீதியை நான் மத்தியானம் உட்கார்ந்து போட்டேன்.

ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. இத்தனை காலம் வராதீங்க என்று சொன்ன கிழவர் வாங்க என்று சொல்கிறாரே என்று ஒருவர் பார்த்து இன்னொருவருக்கு அனுப்பியிருக்கிறார். சித்திரை முடிவதற்குள் முதல் குடும்பம் வந்தது. வைகாசியில் இரண்டு அறையும் காலியாக இருந்த நாளே குறைவு. அந்தப் பனிமலைக்கு எப்படியோ மனசு மாறிவிட்டது என்று மட்டும் மகேஸ்வரி நினைத்துக்கொண்டாள். தகரப் பெட்டியில் மகேஸ்வரி விருந்தாளிகளுக்கான கம்பளிகளை மடித்து வைத்தாள். தர்ஷினி ஹாஸ்டலுக்குப் போகவில்லை. விருந்தாளிகள் ஏரிப்பக்கம் போனால், நூறு அடி பின்னால் குடையோடு ஒரு வயசாளி நடந்துகொண்டே இருப்பாராம். அவர்கள் வீடு திரும்பும்வரை அவரும் திரும்பமாட்டாராம்.

இத்தோடு விட்டிருக்கலாம். மகேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றார் அவர். நான் கெஞ்சினேன். "நடந்தது நடந்து போச்சு, அதான் எல்லாம் சரியாயிருச்சே, எதுக்கு அண்ணே சொல்லிக்கிட்டு?" என்றேன்.

"சொல்லாம எப்படித் தாயி அந்தச் சின்னப் புள்ள கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது? தெனமும் அது என் கைய நம்பித்தான வருது."

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு காலை மகேஸ்வரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவள் திட்டவில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து தானே மகளைக் கூட்டிக்கொண்டு, அவர் வீட்டு வாசலைத் தாண்டாமல், காட்டு வழியாகச் சுற்றிப் பஸ்ஸுக்குப் போனாள். அதற்கு மறுநாளும் அப்படியே. அவர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார் என்று டிரைவர் சொன்னார். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய தர்ஷினி பழக்கத்தில் அவரைப் பார்த்து ஓடி வர, மகேஸ்வரி பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினாளாம். அதன்பிறகு அவர் பஸ் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

ஆனி கடைசியில் கையில் ஒரு துணிப்பையோடு கடைக்கு வந்தார். வத்தலக்குண்டில் அக்கா மகன் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். போனிலிருந்து அந்த மன்றத்தையே எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். எடுக்கும்போது அழுகையை அடக்க முடியவில்லை. "மகேசுகிட்ட நானும் போய்ச் சொல்லிடுறேன் அண்ணே. என் பங்கும் இருக்குல்ல. நீங்க ஒருத்தரே எதுக்குச் சுமக்கணும்?" என்றேன்.

"வேணாம். உன் பேர நான் சொல்லல, நீயும் சொல்லாத. மகேசுக்குன்னு இருக்குறது இப்ப நீ ஒரு ஆளுதான். உன்னையும் விட்டுட்டு அது யாருகிட்டப் போகும்?" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா மகனின் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இன்று வரை நான் கூப்பிட்டதில்லை.

ஆடியில் மகேஸ்வரி வந்தாள். முகத்தில் தெளிவு இருந்தது. தர்ஷினிக்குப் புதுச் செருப்பு, அவளுக்குப் புதுப் போன். பழைய போனிலிருந்ததையெல்லாம் புதுப் போனுக்கு மாற்றி, மணி சரியாக அடிக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். கிளம்பப் போனவள் நின்றாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் வெளங்கலக்கா. போன்ல ஒரு நம்பர் தேடி எடுக்கவே அந்த மனுசனுக்கு அரை மணி நேரமாகும். அவருக்குப் போய் இதெல்லாம் யாரு செஞ்சு குடுத்திருப்பா? நானும் கேட்டுப் பாத்தேன், வாயே தொறக்கல. உங்ககிட்டத்தான எல்லாரும் வர்றாங்க. உங்களுக்கு யாருனு தெரியுமா?"

தர்ஷினியும் என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலயே புள்ள" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, எனக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பூண்டுப் பையை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள். நான் அதை வாங்கி உள்ளே வைத்தேன்.